தரை தொடும் வரை

என் துணிக்கொடியில் பாதியைக் கேட்காமல் அறுத்துக்கொண்டு போனான் என் தம்பி. நாங்கள் இருவரும் கடைசியாகப் போட்ட சண்டை அதுதான். அன்று மாலை நடந்ததை எழுதப் போகிறேன். நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சவில்லை. அரசாங்க அலுவலகத்தில் வருஷக்கணக்காக மற்றவர்கள் எழுதிக் கொடுத்த பொய்களை வாசித்துச் சம்பளம் வாங்கினவள் நான். பொய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது நடந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

"சுபேசா, ஈரத் துணியை எங்கே போடுறது? உன் தலையிலயா?"

"மெஷின்ல இருந்த கயிறு இத்துப்போச்சு அக்கா. சாயங்காலம் புதுசு வாங்கித் தாரேன்."

"போன மாசம் மெஷின் தேய்க்க எடுத்த டூத் பிரஷ்ஷே இன்னும் வரல."

சிரித்தான். மெஷினின் பக்க மூடியைக் கழற்றி, என் நீல நைலான் கயிற்றை உள்ளே சுற்றி, நுனியில் கைப்பிடியை முடிந்தான். மூடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்து விட்டான். சுர்ரென்று உள்ளே ஓடியது.

"பாத்தியா? ஸ்பிரிங் இன்னும் உயிரோடதான் இருக்கு."

சுபேசனுக்கு அறுபத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் போன பிறகு ஈப்போவில் என் வீட்டிலேயே இருந்தான். மற்றவர்கள் தபால்தலை சேர்ப்பார்கள், மீன் வளர்ப்பார்கள். இவன் பழைய செயின்சா சேர்த்தான். காட்டில் மரம் அறுப்பார்களே, அதே மெஷின்தான். கார் நிற்க வேண்டிய போர்ச்சில் அவை நின்றன. கார் வெயிலில் நின்றது.

இந்தப் பைத்தியத்துக்குத் துணை இரண்டு பேர். ஒருவர் தாவூத். பக்கத்து ஊரான லகாட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், சுபேசனோடு ஒரே வகுப்பில் படித்தவர். இன்னொருவன் ராஜு. வீடு விற்றுக் கொடுக்கும் தரகன். மூவருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. பெயர், எங்கள் மாநிலத்தையும் சேர்த்து, ‘பேராக் செயின்சா கிங்ஸ்’. ராஜாக்களாம்! மரம் வெட்டிப் பிழைத்தவன் அதில் ஒருவனும் இல்லை. என் பின்வாசலில் ஒரு பப்பாளி மரம் கூரைமேல் சாய்ந்து கிடந்தது. மூன்று ராஜாக்களும் வந்து பார்த்தார்கள். "இதுக்கெல்லாம் போய் மெஷின் எடுக்கிறதா அக்கா?" என்றார்கள். டீ குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் நான்தான் கத்தியால் வெட்டினேன்.

போன வருஷம் சுபேசனுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வெடுக்கென்று கயிறு இழுத்து மெஷின் கிளப்புவது இனி கூடவே கூடாது என்றார் டாக்டர். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போனேன். எனக்கு ஒரே வேலை. அவன் கை கயிற்றில் படாமல் பார்த்துக்கொள்வது. கூடப் பிறந்தவர்களில் எனக்கு மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான்.

அவர்கள் கூடும் இடம் கோப்பெங் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டம். பாதியில் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். மீதிப் பாதியில் பால் வெட்ட ஆளில்லாத கிழட்டு மரங்கள். நடுவில் ஒரு கொட்டகை. ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகைபோட்ட இடம். உள்சுவர் முழுக்கத் தார் பூசியது போலக் கறுப்பு. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பிகள்.

அன்று மத்தியானம் வழக்கம் போலத் தாவூத்தும் ராஜுவும் விழுந்து கிடந்த ரப்பர் மரத்தை வட்டம் வட்டமாக அறுத்துத் தள்ளினார்கள். யார் மெஷின் வேகம் என்று பார்க்கத்தான். அறுத்த வட்டங்களால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. ராஜு ஆன்லைனில் வாங்கிய ஆரஞ்சுக் கால்சட்டையும் ஹெல்மெட்டும் போட்டிருந்தான். அறுத்தது என்னவோ என் இடுப்பளவுகூட இல்லாத கட்டை. கார்புரேட்டர் திருகை முடுக்கி முடுக்கி மெஷினை அலறவிட்டான்.

"ராஜு, திருகைக் கொஞ்சம் தளர்த்து. பெட்ரோல் பத்தாம கத்துது" என்றான் சுபேசன்.

"இல்லண்ணே, இது பவர் சத்தம்!"

"சாகுற சத்தம்டா அது."

ராஜு கேட்கவில்லை. அவன் எதையும் கேட்டவன் இல்லை.

ஆறு மணிக்கு வானம் இருட்டியது. "மழை வருது லா. உள்ள போய் மூச்சுப் போட்டி வைப்போம்" என்றார் தாவூத்.

மூச்சுப் போட்டி என்றால் இதுதான். புதிதாகக் கைக்கு வந்த பழைய மெஷினை, இஞ்சினைத் திறக்காமல் கொண்டுவர வேண்டும். கயிறு மட்டும் மாற்றலாம். கயிற்றின் கைப்பிடியை மேலே கம்பியில் மாட்டிவிட்டு, மெஷினைக் கையிலிருந்து விட்டுவிடுவார்கள். மெஷினின் கனம் கயிற்றை இழுக்கும். கயிறு இஞ்சினைச் சுற்றும். உள்ளே பிஸ்டன் காற்றை அமுக்கும். காற்று கசியாத இஞ்சின் அந்தரத்திலேயே நிற்கும். கசிந்தால் ‘ஸ்ஸ்’ என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். செத்த இஞ்சின் விட்டவுடனே விழும். கடைசியாகத் தரையைத் தொடும் மெஷினுக்கு வெற்றி.

விதி ஒன்றே ஒன்று. தரை தொடும் வரை யாரும் தொடக்கூடாது.

வளர்ந்த ஆண்கள் மூன்று பேர் இதை நின்று பார்ப்பார்கள். கயிறு இழுக்கத் தேவையில்லாத விளையாட்டு என்பதால் நான் எதுவும் சொல்வதில்லை.

சுபேசனின் மெஷின் லகாட் பழைய இரும்புக் கடையில் போன வாரம் வாங்கியது. சாம்பல் நிறம். யார் வைத்திருந்தது, எங்கே ஓடியது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. அதை ஒரு முறைகூடக் கிளப்பிப் பார்க்க நான் விடவில்லை.

மூன்றையும் மாட்டினார்கள். அடியில் கோணிச் சாக்கு விரித்தார்கள்.

தாவூத்துடையது விட்டவுடனே விழுந்தது. "அலாமாக்! செத்துப்போச்சு!" ராஜுவுடையது கொஞ்ச நேரம் முனகிவிட்டு இறங்கியது.

சுபேசனுடையது தொங்கியது.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் பேரிரைச்சல். ராஜு போன் வெளிச்சத்தை அதன்மேல் அடித்து வீடியோ எடுக்கத் தொடங்கினான். சுபேசன் எனக்குப் பின்னால், கவிழ்த்த பால் வாளிமேல் உட்கார்ந்திருந்தான்.

வாசல் வழியாகச் சாரலோடு காற்று அடித்தது. மற்ற இரண்டு மெஷின்களின் கயிறும் ஆடியது. சாக்கின் ஓரம் படபடத்தது.

அந்த மெஷின் ஆடவில்லை.

ஸ்ஸ்...

ஒரு விரல் அளவு இறங்கியது. நின்றது.

"என்ன மூச்சு மச்சான்! இந்த மெஷின் கிழவி நல்லா பிடிக்கிறா!" என்றார் தாவூத்.

சுபேசன் பதில் சொல்லவில்லை. ஜெயிக்கிறவன் அமைதியாக இருக்கிறான் என்று நினைத்தேன்.

ஸ்ஸ்...

இன்னொரு விரல்.

இந்த முறை காதைக் கொடுத்துக் கேட்டேன். இவ்வளவு மழையிலும் அது தெளிவாகக் கேட்டது. மிகப் பக்கத்தில் கேட்டது.

சத்தம் மெஷினிலிருந்து வரவில்லை.

எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினேன். சுபேசனின் வாய் பாதி திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. அங்கே மெஷின் ஒரு விரல் இறங்கியது. இங்கே அவன் வாயிலிருந்து மூச்சு போனது.

வெளியே மட்டும் போனது. உள்ளே அவன் இழுக்கவே இல்லை.

"தாவூத்! காரை எடுங்க!"

தாவூத் ஒரு பார்வை பார்த்தார். மழையில் இறங்கி ஓடினார். கார் தார்ரோட்டில் நின்றது. நடுவில் முழுக்கச் சேறு.

"அக்கா, கொஞ்சம் நகருங்க, வெளிச்சம் மறைக்குது" என்றான் ராஜு.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. இரண்டு கையையும் மெஷினுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கினேன்.

சுர்ர்... கயிறு உள்ளே போனது.

சுபேசன் மூச்சை இழுத்தான். ஈயம் தோண்டிவிட்ட பழைய குட்டையில் முங்கியவன் மேலே வந்து இழுப்பானே, அப்படி.

"அக்கா..."

"பேசாத."

"நெஞ்சு மேல யாரோ உட்கார்ந்திருந்தாங்க அக்கா."

நான் மெஷினை விடவில்லை. முதலில் அது கனக்கவே இல்லை. காலி டப்பா போல இருந்தது. பிறகு கனத்தது. ஏறிக்கொண்டே போனது கனம். அடியில் யாரோ பிடித்து இழுப்பது போல...

"அக்கா, தொடக்கூடாது. ரூல்ஸ்" என்றான் ராஜு.

"வாயை மூடுடா."

தூரத்தில் மரங்களுக்கு இடையே கார் விளக்கு தெரிந்தது. தம்பியை எழுப்பி நடத்த வேண்டும். எனக்கு இருப்பது இரண்டு கை.

"ராஜு, இதைப் பிடி. கீழ விட்டுடாத. சத்தியமா விட்டுடாத."

"குடுங்கக்கா. நான் பாத்துக்கிறேன்."

வாங்கினான். நான் சுபேசனிடம் ஓடினேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். மூச்சு நன்றாக வந்தது. முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கக்கூடப் பார்த்தான்.

"கடை மூடிருப்பான். நாளைக்குக் கயிறு வாங்கித் தாரேன்க்கா."

ஸ்ஸ்...

திரும்பினேன்.

ராஜுவின் ஒரு கையில் போன். இன்னொரு கையில் ஒன்றும் இல்லை.

"தொங்கட்டும்க்கா. நீங்க தூக்கின நேரத்தை மட்டும் கழிச்சிடலாம்."

ஸ்ஸ்... ஸ்ஸ்...

ஓடினேன்.

ஸ்ஸ்ஸ்...

நீலக் கயிறு முழுவதும் வெளியே வந்தது.

தட்.

பெரிய சத்தம் இல்லை. சாக்கின்மேல் ஒரு பூனை குதித்தது போல.

தூக்கினேன். மெஷின் மேலே வந்தது.

கயிறு உள்ளே போகவில்லை.

மறுபடியும் தூக்கினேன்.

போகவில்லை.

எனக்குப் பின்னால் வாளி உருண்டது.

மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். சரியாகத்தான் இருக்கும். அவர்கள் அன்று அங்கே இல்லை.

மறுநாள் காலை ராஜு குழுவில் செய்தி போட்டான். தாவூத் காட்டினார். ‘சுபேசன் அண்ணன் மெஷின் புது ரெக்கார்ட்! ஆத்மா சாந்தியடையட்டும்.’ முதல் வாக்கியத்துக்குக் கைதட்டும் படம். இரண்டாவதுக்குக் கும்பிடும் படம். அந்த மனிதனைப் பற்றி நான் இதற்கு மேல் எழுதி மை செலவழிக்கப் போவதில்லை. அந்தியேட்டிக் காரியம் முடிவதற்கு முன்பே மெஷினை விலைக்குக் கேட்டான் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அந்தியேட்டி முடிந்து இரண்டு நாள் கழித்துத் தாவூத் தனியாக வந்தார். பகல் பதினோரு மணி. நல்ல வெயில்.

"அப்படி என்னதான் இஞ்சின்னு திறந்து பாக்கலாமா அக்கா?"

"பாருங்க."

போர்ச்சில் உட்கார்ந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். டார்ச் அடித்துத் துவாரத்துக்குள் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். நட்டுகளைக் கழற்றிச் சிலிண்டரைத் தூக்கி எடுத்தார். அதைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார்.

"பிஸ்டன் இல்லக்கா."

"அப்படின்னா?"

"உள்ள ஒண்ணுமே இல்ல. யாரோ எப்பவோ கழட்டி எடுத்துட்டாங்க. தூசி எத்தனை வருஷத்துது பாருங்க. காத்தை அமுக்க எதுவுமே இல்ல இதுல."

உள்ளே இருந்த சக்கரத்தை ஒரு விரலால் தட்டினார். அது வழவழவென்று சுற்றியது. நிற்காமல் சுற்றியது.

"இது தொங்கவே முடியாது அக்கா. கைய எடுத்த உடனே விழுந்திருக்கணும்."

"அப்ப அன்னைக்கு மூச்சு விட்டது எது தாவூத்?"

அவர் டார்ச்சை அணைத்தார். டீ போட்டேன். குடிக்கவில்லை. அன்றே குழுவிலிருந்து விலகிவிட்டார். இப்போது அதில் ராஜு ஒருவன்தான் ராஜா.

போவதற்கு முன் தாவூத் பக்க மூடியையும் கழற்றி ஸ்பிரிங்கைப் பார்த்தார். நன்றாக இருந்தது. முறுக்கு இருந்தது. கயிற்றைக் கையால் சுற்றி உள்ளே வைத்து மூடினார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக, முழுவதும், வெளியே வந்து கிடந்தது.

அந்த மெஷினை நான் விற்கவில்லை. என் கொடியில் இப்போதும் பாதிக் கயிறுதான். மீதிப் பாதி போர்ச்சில் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறது. தினமும் காலையில் துணி காயப்போடும்போது பார்க்கிறேன்.

ஒரு விரல்கூட உள்ளே போகவில்லை.