சிவபாதம் அண்ணை சொல்லாமல் விட்டது

சிவபாதம் அண்ணை போய்விட்டார் என்று தொலைபேசியில் செய்தி வந்தபோது, வேலணையில் உள்ள என் ஸ்டூடியோவில் ஒருவருக்கு அடையாள அட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கமெராவை வைத்துவிட்டு அழுதேன். அன்று எனக்குத் துக்கம் மட்டும்தான் இருந்தது. கோபப்படவும் காரணம் இருக்கிறது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

உங்களில் பலருக்கு அவர் புளியங்கூடலில் இரும்புக்கடை வைத்திருந்தவர். எனக்கு அவர் பறவைப் படக்காரர். அவருடைய மனைவி மலர் அக்கா, தலையில் கொண்டையுள்ள சாம்பல் நிறக் கொக்கட்டீல் கிளி ஒன்றைச் செல்லன் என்று பெயர் வைத்துப் பிள்ளைபோல வளர்த்தார். அதைக் கைபேசியில் எடுத்த படங்களோடுதான் அண்ணை முதன்முதலில் என்னிடம் வந்தார்.

"யோகன், இதிலை எது தலை, எது வால் எண்டு நீரே சொல்லும்" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். கூட்டின் கம்பிகள் படத்தைக் கெடுத்ததால், செல்லனை வெளியே எடுத்துக் கிழக்கு யன்னலோரம் ஒரு முருங்கைக் கொப்பில் இருத்துவோம். நிழல் விழும் பக்கத்தில் மலர் அக்கா வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, இறகுகளின் சாம்பலை மென்மையாகக் காட்டும்.

"செல்லன்ரை கண்ணுக்குள்ளை யன்னல் தெரியவேணும். இல்லாட்டி அது பொம்மை" என்பார் அண்ணை. செல்லன் தன்பாட்டில் இருக்கத் தொடங்கும்வரை என்னைப் படம் எடுக்க விடமாட்டார்.

ஒரு மாரிகாலத்தில் யன்னல் வெளிச்சம் போதவில்லை. ஸ்டூடியோவிலிருந்து விளக்கொன்றைக் கொண்டுபோய், எட்ட வைத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பினேன். சுவரில் பட்டுவந்த வெளிச்சத்தில் செல்லன் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு விசிலடித்தது. அன்று பின்னேரம் அண்ணை தொலைபேசியில் அழைத்தார்.

"செல்லன் செத்துப்போச்சு, யோகன். லைற்றின்ரை சூடு தாங்கேல்லைப் போலை."

மலர் அக்கா அதன்பின் என்னோடு பேசவில்லை. நான் போனால் உள்ளே போய்விடுவார். கதை ஊரில் பரவியது. குழந்தைகளைப் படம் எடுக்கக் கொண்டுவரும் தாய்மார், "லைற் போடாமல் எடுக்க ஏலாதோ?" என்று கேட்டார்கள். விளக்கின் சூட்டால்தான் செல்லன் செத்தது என்று நானும் நம்பினேன். எந்தக் குழந்தைமீதும் விளக்கைத் திருப்ப எனக்குக் கை வரவில்லை.

அண்ணை மட்டும் வழமைபோல ஸ்டூடியோவுக்கு வருவார். தேநீர் குடிப்பார். என் தோளில் தட்டி, "விடும் யோகன், தெரியாமல் நடந்தது. நான் உம்மிலை கோவிக்கேல்லை" என்பார். எப்பேர்ப்பட்ட மனிதர் என்று வீட்டில் போய்ச் சொல்வேன்.

செத்தவீட்டில் மலர் அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"யோகன், நீர் என்னை மன்னிக்கவேணும்."

"என்னத்துக்கு அக்கா?"

"அண்டைக்கு நீர் போனாப்பிறகு, அவர் அந்த அறையைப் பூட்டி நுளம்புக்கு மருந்து அடிச்சவர். செல்லன் உள்ளை நிண்டதை மறந்துபோனார். ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கைதான் எனக்குச் சொன்னவர்."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"நானும் அதைத்தான் கேட்டனான். யோகனை வரச்சொல்லட்டோ எண்டன். 'வேண்டாம், அவன்ரை முகத்தைப் பாக்க ஏலாது' எண்டிட்டார்."

அதன்பின் நான் அண்ணையின் சவப்பெட்டிக்குக் கிட்டப் போகவில்லை. அறையைப் பூட்டியதும் மறந்ததும் யாருக்கும் நேரக்கூடியவை. மனைவிக்குப் பயந்து ஒரு நாள் பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் என் ஸ்டூடியோக் கதிரையில் இருந்து, என் தேநீரைக் குடித்து, தான் செய்ததற்காக என்னை மன்னித்தாரே! நானும் கண் கலங்கி அவருக்கு நன்றி சொன்னேனே! அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிடும் நினைவுப் புத்தகத்துக்கு எழுதித் தரும்படி மலர் அக்கா கேட்டபோது, எனக்கு நல்லதாக எழுத வராது என்றேன். "நடந்ததை எழுதும். ஊர் அறியட்டும்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான். ஒரு பறவை எங்களை மறந்து தன் இறகைக் கோதத் தொடங்கும்வரை கமெராவைத் தொடாமல் இருக்கும் பொறுமை. அதற்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனாலும் அது அவர் தந்ததுதான்.