ஹீட்டரில் காயும் காலுறை

அயர்லாந்தில் படிக்கும் மகளைப் பார்க்கக் கால்வே நகருக்கு வந்திருக்கிறேன். மார்ச் மாதம், ஓயாத மழை. கடற்கரைக்குப் போனவள் இருட்டியும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒருவழியாகச் சொட்டச் சொட்ட வந்தவள், "சார்ஜ் போயிடுச்சும்மா" என்று சிரித்தாள். கம்பளிக் காலுறைகளை ஹீட்டர் மேல் போட்டாள்.

ஈரத்துணி சூடாகும் அந்த வாசனை, என் சின்ன வயதில் திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு அடுப்படியில் வந்தது.

ஒரு தீபத்தன்று மழைக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டேன். தேரடி வீதியில் ஒரு பூக்காரம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். தேடி வந்த அம்மா திட்டவேயில்லை. வீட்டுக்கு வந்ததும் என் பாவாடையைப் பிழிந்து, விறகடுப்புக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துக் காய வைத்தாள்.

"நாளைக்குக் குளத்துல தெப்பல் பாக்கப் போலாமாம்மா?"

"இது காயட்டும்டி, போலாம்."

"பாவாடை ஏம்மா ஆடுது?"

"காத்துடி."

அந்த அடுப்படிக்கு ஜன்னலே கிடையாது.

தலையைத் துவட்டிக்கொண்டே மகள் கேட்டாள். "நாளைக்கு நீயும் வாயேம்மா. அலை சூப்பரா இருக்கு."

"வரேன். ஆனா தண்ணிகிட்ட போவக் கூடாது."

"யாரு, நீயா நானா?"

"ரெண்டு பேரும்தான்" என்றேன்.