செல்லக்கனி பார்த்த கடல், வைகுண்டராஜ் சொன்ன கடல்

செல்லக்கனிக்குத் தண்ணீர் என்றால் உயிர். சுந்தரபாண்டியத்தில் அவள் அப்பாவின் தோட்டத்தில் ஒரு கிணறு இருந்தது. ஆறு வயதில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி அதில் இறக்கிவிட்டார்கள். எட்டு வயதில் மோட்டார் ரூம் கூரையிலிருந்து தலைகீழாகக் குதித்தாள். பத்தொன்பதில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு வாக்கப்பட்டு வந்தாள். அதோடு சரி. அடுத்த இருபத்திரண்டு வருஷம் அவள் பார்த்த ஆழமான தண்ணீர், குளிக்கிற இடத்துச் சிமெண்டுத் தொட்டிதான்.

புருஷன் வைகுண்டராஜுக்கு உரக்கடை. பருத்தியில் என்ன பூச்சி, கரும்பில் என்ன நோய் என்பது மட்டுமில்லை, உலகத்தில் எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும். "என்னக்கா, தலைவலி தேவலையா?" என்று யாராவது செல்லக்கனியைக் கேட்டால், "அவளுக்கு இப்பத் தேவல" என்று அவர்தான் சொல்வார். தலை அவளுடையது, வாய் அவருடையது. கல்யாணத்தன்றே ஏற்பட்ட ஏற்பாடு இது. அவளை யாரும் கேட்கவில்லை.

தொண்ணூற்று நாலில், பூச்சிமருந்து அதிகம் விற்ற கடைக்காரர்களைக் கம்பெனிக்காரர்கள் ஜோடியாக அந்தமானுக்கு அழைத்துப்போனார்கள். வைகுண்டராஜ் ஒரு மாதம் முன்பே ஊரெல்லாம் முழக்கிவிட்டார். "கடல் என்ன பெரிய கடல்? நம்ம அய்யனார் கோயில் ஆத்துல நீந்துனவனுக்கு அதெல்லாம் ஒரு வாய்க்கா." அந்த ஆற்றில் அவர் முழங்கால் நனைத்ததைக்கூட யாரும் பார்த்ததில்லை. உள்ளூரில் ஓணான் பிடிக்காதவர் அந்தமானில் உடும்பு பிடிக்கக் கிளம்பினார். கப்பலில் மூன்று நாளும் பக்கெட்டைக் கட்டிக்கொண்டு கிடந்தார். கொண்டுபோன புளியோதரையைச் செல்லக்கனி தனியாக, நிம்மதியாகத் தின்றாள்.

நாலாம் நாள் ஒரு குட்டித் தீவுக்குப் படகில் கூட்டிப்போனார்கள். ஆள் குடியிருப்பே கிடையாது. வெள்ளை மணல், பின்னால் காடு, முன்னால் பச்சைக் கண்ணாடி வளையல் நிறத்தில் தண்ணீர். படகுக்காரர் ஆளுக்கொரு முகக்கண்ணாடி கொடுத்தார். கண்ணையும் மூக்கையும் சேர்த்து இறுக அடைக்கும். வாயில் ஒரு குழாய், அதன் வழியாகத்தான் மூச்சு. தலையைக் கவிழ்த்து மிதந்தால் அடியில் பவளப்பாறை தெரியும் என்றார்.

வைகுண்டராஜ் தண்ணீரைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். கரையில் கிடந்த செருப்புகளையும் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

"அம்புட்டுப் பேரு செருப்பும் கெடக்கு. புது ஊரு. ஒருத்தராச்சும் பாத்துக்கிட வேண்டாமா?" என்று இருபத்தைந்து ஜோடிச் செருப்புக்கு நடுவில் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்துகொண்டார். திருடுவதாக இருந்தால் நண்டுதான் வந்து திருட வேண்டும். "ஏட்டி, நீயும் போகாத!" என்று அவர் கத்தும்போது செல்லக்கனி சேலையை வரிந்து கட்டி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். அடுத்த நொடி கண்ணாடியை மாட்டித் தலையைக் கவிழ்த்துவிட்டாள்.

கீழே மஞ்சளும் ஊதாவுமாக மீன்கள் கூட்டங்கூட்டமாகப் போய்வந்தன. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்காக யாரும் பதில் சொல்லவும் இல்லை. ஒரு மணி நேரம் மிதந்தாள். கண்ணாடிக்குள்ளேயே அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு முத்தாத்தாள் ஓடிவந்து, "ஏட்டி, கடலு எப்படி இருந்துச்சு?" என்றாள். செல்லக்கனி வாயைத் திறந்தாள். "உள்ள போயி பாத்தேன் பாருங்க..." என்று வைகுண்டராஜ் ஆரம்பித்தார். திரும்பும் வழியில் அவள் ஆசையாகச் சொன்னதையெல்லாம் தான் பார்த்ததாக அளந்தார். வந்தவர்களுக்கெல்லாம் இதே கதைதான். செல்லக்கனிக்கு வயிறு எரிந்தது. நகையைப் பிடுங்கியிருந்தாலும் பொறுத்திருப்பாள். போயும் போயும் அவளுக்கென்று வாய்த்த ஒரு மணி நேரம், அதையுமா?

ராஜபாளையத்தில் வியாபாரிகள் சங்க ஆண்டு விழாவில் அந்தமான் அனுபவம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அவர் நோட்டும் பேனாவுமாக அடுப்படிக்கு வந்தார். "ஏட்டி, உள்ள என்னல்லாம் இருந்துச்சு? வரிசையாச் சொல்லு."

அவள் சொன்னாள். மூன்று நாள் உள்ளதை உள்ளபடியே சொன்னாள்.

நாலாம் நாள் அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இதெல்லாம் ஊருக்கே சொல்லியாச்சு. புதுசா ஏதாவது சொல்லுட்டி."

செல்லக்கனி செத்த நேரம் குழம்பைக் கிண்டினாள். "வாசத்தைச் சொல்ல மறந்துட்டேனே! பாறைகிட்டப் போனா அப்படியே தாழம்பூ வாசம்."

அவர் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

விழாவில் மண்டபம் நிறையக் குடும்பங்கள். மேடையில் வைகுண்டராஜ் கையை வீசி நீந்தியே காட்டினார். "பவளப்பாறையை நெருங்குதேன்... அடடா, தாழம்பூ வாசம்! மூக்கைத் துளைக்குது!"

மூன்றாவது வரிசையில் பாத்திரக்கடை பீர் மைதீன் எழுந்தார். ஒன்பது வருஷம் போர்ட் பிளேரில் கடை வைத்திருந்தவர்.

"அண்ணாச்சி, ஒரு சின்னச் சந்தேகம். அந்தக் கண்ணாடி மூக்கைப் பொத்திருமே. வாசம் எது வழியா வந்துச்சு?"

நாலு பேர் சிரித்தார்கள். வைகுண்டராஜ் நோட்டைப் புரட்டினார். முன்னும் புரட்டினார், பின்னும் புரட்டினார். வேர்த்துக் கொட்டியது. கடைசியில் பெண்கள் பக்கம் திரும்பி, மைக் இருப்பதையே மறந்து கத்தினார்:

"ஏட்டி செல்லக்கனி! நீதானட்டி தாழம்பூன்னு சொன்ன!"

மண்டபமே சிரிப்பில் குலுங்கியது. சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப தண்ணிக்குள்ள போனது அக்காதானா? அவிய வாயாலயே கேட்டுருவோம். வாங்கக்கா" என்றார்.

செல்லக்கனி மேடையேறினாள். நோட்டோடு நின்ற மனுஷனை ஒருதரம் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"மீனைப் பத்திப் பொறவு சொல்லுதேன். தண்ணிக்குள்ள போனவுக இருபத்தஞ்சு பேரு செருப்பும் ஒண்ணுகூடக் காணாமப் போகல. அதுக்கு அவியதான் காரணம்."