மீன் குழம்பு நாள்

அறுபதுகளில், வியட்நாமின் சைகோனில் ஒரு கப்பல் கம்பெனியில் என் பக்கத்து மேசையில் இருந்தவர் காரைக்கால்காரர். பிரெஞ்சுக்காரர் ஊர் வழக்கப்படி 'ஐயா' என்பதற்கு 'மிசியே' என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சூடோ காரமோ சாப்பிட்டால் மூக்கும் கன்னமும் சிவந்து எரியும். ரோசேசியா என்ற தோல் நோய் என்றாராம் மருத்துவர். மதியம் ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப் விற்கும் கடையில் மிளகாயை ஒதுக்கிவிட்டு, சூப் ஆறும்வரை கிண்ணத்தைச் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருப்பார்.

ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மீன் குழம்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"என்ன மிசியே இது?"

"நாளைக்கு லீவுதானே. திங்கக்கிழமைக்குள்ள அடங்கிடும்."

"இந்தச் செவந்த மொகத்தப் பாத்து, நீங்க லீவுன்னா குடிப்பீங்கன்னு தெருவுல பேசிக்கிறாங்க."

"பேசிட்டுப் போறாங்க. அதுக்காக மீன் கொழம்ப விட முடியுமா?"

ஒரு சொட்டு மதுவும் தொடாத அந்த மனிதர், இடக்கையால் செய்தித்தாளை எடுத்தார். இந்த முறை தன் முகத்துக்கு விசிறிக்கொண்டே, என்னை இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னார்.