இரண்டுக்கும் பத்து

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அடுப்பும் அணைந்தது. எழுந்து போகத் தோன்றவில்லை.

நல்ல கடிதம்தான். ‘உங்கள் நெல் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. இருப்பு மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் சம்மதம் என்று ஒரு பதில் அனுப்புங்கள், போதும்.’ இதைப் படித்துவிட்டு யாராவது இடிந்துபோய் உட்காருவார்களா?

உட்காருவார்கள். கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அது சொன்ன வெள்ளிக்கிழமை வந்து, போயும் விட்டது.

யார் தப்பு என்று கேட்பீர்கள். வரிசை போட்டால் முதல் ஆள் நான்தான். முழுதாகச் சொல்லிவிடுகிறேன், நீங்களே திட்டுங்கள்.

என் அம்மா ஊர் வடகரை. தலைஞாயிறு பக்கம், வாய்க்காலுக்கு இந்தப் புறம். அந்தப் புறம் தென்கரை. நடுவில் ஓடுவது முழங்கால் அளவு தண்ணீர் — அதுவும் வந்தால். ஆனால் இரண்டு ஊரும் சேர்ந்து எதைச் செய்தாலும் தராசைக் கையில் வைத்துக்கொண்டுதான் செய்யும். ஐயனார் கோயில் திருவிழாவில் பரிவட்டம் எந்த ஊருக்கு முதலில் என்று ஒரு காலத்தில் கைகலப்பே நடந்திருக்கிறது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு தட்டு, இரண்டு பூசாரி. மேளம் நின்றதும் ஒரே நேரத்தில் இரண்டு தலையிலும் கட்ட வேண்டும். ஒரு நொடி முந்தக் கூடாது, பிந்தக் கூடாது. இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது.

இந்த இரண்டு ஊரும் சேர்ந்து ஓர் உழவர் குழு வைத்திருக்கின்றன. தலைவர் வடகரை — என் பெரியம்மா மகன் கோவிந்தராஜ் அண்ணன். செயலாளர் தென்கரை — தமிழரசி, எம்.எஸ்ஸி. முடித்த பெண். அவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அவள் அப்பா கலியபெருமாள் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார்.

இந்த வருடம் அந்தப் பெண் அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, குத்தகை நிலம் முழுவதிலும் மாப்பிள்ளைச் சம்பா போட வைத்தாள். மனிதர் பயந்தார். சிவப்பரிசி நெல். எங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் அது போகாது. வெளியில் ஆள் பிடித்துத்தான் விற்க வேண்டும். “விக்கிறது என் பொறுப்புப்பா” என்றாள். சொன்னபடி பெங்களூருவில் ஒரு கம்பெனியையும் பிடித்தாள். மாதிரி அனுப்பியாயிற்று. அவர்கள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை — கடிதப் போக்குவரத்தெல்லாம் குழுவின் சொந்த டொமைன் பெயரில், அதாவது அதன் வெப்சைட் பெயரில் உள்ள மெயிலில்தான் நடக்க வேண்டும். போனில் பேரம் கிடையாது.

இங்கேதான் நான் வருகிறேன். எந்தக் காலத்திலோ சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன் என்கிற ஒரே பாவத்துக்காக, எங்கள் வகையறாவில் யார் வீட்டு பிரிண்டர் மக்கர் செய்தாலும் போன் எனக்குத்தான் வரும். தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

விஷயம் சின்னதுதான். ஒரு டொமைன் பெயருக்கு மெயில் வர வேண்டுமென்றால், அதன் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். ‘இந்தப் பெயருக்கு வரும் கடிதத்தை இந்த சர்வரில் கொண்டுபோய்ச் சேர்.’ அதற்கு எம்எக்ஸ் ரெக்கார்டு என்று பெயர். தமிழரசி ஒரு மெயில் சேவையில் பெட்டி திறந்து தயாராக வைத்திருந்தாள். ஐந்து நிமிட வேலை, முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்காரலாம் என்று நினைத்தேன்.

“இரும்மா” என்றார் கோவிந்தராஜ் அண்ணன். “வெப்சைட் பண்ணிக் குடுத்த கும்பகோணத்துக்காரரு அவரு சர்வர்லயும் ஒரு பெட்டி குடுத்துருக்காரு. நம்ம வடகரை சொல்லித்தான் செஞ்சாரு. அதை எப்படி விடுறது?”

சரி, இரண்டு வரியும் போடலாம். பக்கத்தில் ஆளுக்கு ஒரு நம்பர் போட வேண்டும், அவ்வளவுதான். “தமிழரசி பெட்டிக்குப் பத்து, உங்க பெட்டிக்கு இருபது” என்றேன். அண்ணன் முகம் மலர்ந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் இல்லையா? இருக்கவில்லை. சின்ன நம்பருக்குத்தான் கடிதம் முதலில் போகும், அந்த சர்வர் படுத்தால்தான் பெரிய நம்பருக்குப் போகும் என்று விளக்கித் தொலைத்தேன்.

“அப்ப தென்கரைக்குத்தான் முதல்லயா?”

“அண்ணே, பெட்டியை யாரு தினம் தொறந்து பாக்குறாங்களோ அவங்களுக்குப் போகட்டுமே” என்றாள் தமிழரசி.

“பாக்குறது பெருசில்ல தமிழு. நாளைக்கு ஊர்ல ஒருத்தன் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, ரெண்டுக்கும் ஒரே நம்பர் போட முடியாதா?”

முடியும். அதுதான் வம்பு... முடியும்! ஒரே நம்பர் போட்டால், வரும் கடிதம் இந்தப் பெட்டிக்கும் போகலாம், அந்தப் பெட்டிக்கும் போகலாம். எதில் விழும் என்று அனுப்புகிறவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். எதற்கு? மனஸ்தாபம் வேண்டாமே, எல்லோரும் சிரித்துக்கொண்டு சாப்பிட உட்காரலாமே என்றுதான். எனக்கும் பசி.

“போடலாம்ணே. ஆனா உங்க பெட்டியையும் தினம் தொறந்து பாக்கணும்.”

“அதெல்லாம் பாத்துக்குவோம்மா!”

இரண்டுக்கும் பத்து போட்டேன். இந்த மாற்றம் உலகம் முழுக்கப் பரவ இரண்டு நாள் வரை ஆகலாம் என்றேன். “மேட்டூர்ல தொறந்தா கடைமடைக்கு வந்து சேர நாளாகாதா, அந்த மாதிரி” என்று அண்ணன் டக்கென்று பிடித்துக்கொண்டார். இவ்வளவு விவரமான மனிதர்!

இரண்டு நாள் கழித்து என் வீட்டிலிருந்து மூன்று கடிதம் அனுப்பிப் பார்த்தேன். மூன்றும் தமிழரசி பெட்டியிலேயே விழுந்தன. அதோடு எனக்கு நிம்மதி. ஒரு கடிதமாவது அந்தப் பக்கம் விழுந்து தொலைத்திருந்தால் உஷாராகியிருப்பேன்.

பிறகு காத்திருப்பு. அறுவடை முடிந்து நெல் மூட்டையாகி, தென்கரைக் களத்தில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. தினமும் காலையில் கலியபெருமாள் மகளிடம் ஒரே கேள்விதான் கேட்பாராம். “கடுதாசி வந்துச்சாம்மா?” இல்லை என்றால் மேலே ஒரு வார்த்தை பேச மாட்டாராம். திட்டியிருந்தால்கூடத் தேவலை அக்கா என்று போனில் அழுதாள். நாமே அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்போமா என்றாள்.

“வேணாம்மா. பெரிய கம்பெனி, மெதுவாத்தான் வரும். நச்சரிக்கிறோம்னு நினைச்சுட்டா?” — இந்தப் பொன்னான ஆலோசனையை வழங்கியது யார்? நான்தான். வேறு யார்?

போன செவ்வாய் கும்பகோணத்துக்காரர் எனக்குப் போன் செய்தார். “மேடம், தலைவர் பெட்டியைக் குடுத்த நாள்லேர்ந்து யாருமே தொறக்கல. வச்சிருக்கவா, எடுத்துடவா?”

போனை வைத்த கையோடு அண்ணனைக் கூப்பிட்டுப் பாஸ்வேர்டு கேட்டேன். காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருந்தார், பத்திரமாக. திறந்தேன். விளம்பரங்களுக்கு நடுவில் அந்தக் கடிதம்.

தமிழரசிக்குச் சொல்ல வேண்டுமே. எப்படி ஆரம்பிப்பது? “தமிழு, பெங்களூர் கடிதம் வந்திருக்கு...” என்று தப்பான முனையில் ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தையை நான் சொல்வதற்குள் அவள் கத்திவிட்டாள்.

“அப்பா! வந்துருச்சுப்பா! கடுதாசி வந்துருச்சு!”

போனில் அந்தப் பெரியவர் சிரிப்பது கேட்டது. அவர் சிரித்து நான் கேட்டதே கிடையாது. அதற்கு மேல்தான் நான் தேதியைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

கம்பெனிக்குப் போன் செய்தாள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். பதில் வராததால் வேறிடத்தில் எடுத்துவிட்டோம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்களாம். இந்த வருடக் குத்தகையைக் கட்ட முடியாமல் போனால், அடுத்த வருடம் கலியபெருமாளுக்கு நிலம் யார் தருவார்கள்? உள்ளூர் வியாபாரி வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, சாதாரண நெல்லுக்கும் கீழே ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு அவசரமில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, அதுதான் அவருக்குத் துணை.

வியாழக்கிழமை குழுக் கூட்டம். நானும் போனேன். எல்லோருக்கும் முன்னால் என் தப்பை ஒப்புக்கொண்டேன். அண்ணன் பெட்டி வரியை அங்கேயே எடுத்துவிடுகிறேன் என்று லேப்டாப்பைத் திறந்தேன். அரை நிமிட வேலை. அன்றைக்கே செய்திருக்க வேண்டிய அரை நிமிடம்.

கலியபெருமாள் கடைசி வரிசையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தமிழரசி தலை நிமிரவில்லை.

கோவிந்தராஜ் அண்ணன்தான் எழுந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

“வரியை எதுக்கும்மா எடுக்கிற? நடந்தது நடந்துபோச்சு. ஆனா ஒண்ணு பாத்தீங்களா... அவ்வளவு பெரிய கம்பெனி லெட்டர், நம்ம வடகரைப் பெட்டிக்குத்தான வந்துருக்கு!”

வந்துச்சுண்ணே. படிக்கத்தான் ஆள் இல்ல.