ஏ, பியோடு நின்றுபோன இங்கிலீஷ்

கிறிஸ்துதாஸ் எச்சில் தொட்டுத்தான் அகராதியைப் புரட்டுவார். மூக்குப்பொடி அப்பிய விரலை நாக்கில் ஒரு இழுப்பு, தாளின் ஓரத்தில் ஒரு தேய்ப்பு. அந்த ஈரத் தாளில்தான் அவர் மகள் ஸ்டெல்லாமேரி ஒன்பது வயதிலிருந்து இங்கிலீஷ் படித்தாள். ‘அபேட்’ என்று யாராவது சொன்னால் அவளுக்கு அர்த்தத்துக்கு முன்னால் பொடி நாற்றம்தான் வரும்.

கிறிஸ்துதாஸ் பிரெஞ்சில் படித்து பிரெவே என்ற பள்ளிப் பரீட்சை தேறியவர். பிரெஞ்சுக்காரன் ஊரை ஆண்டவரைக்கும் அது போதுமாக இருந்தது. அவன் போன பிறகு அவர் வேலை பார்த்த சர்க்கார் ஆபீசில் இங்கிலீஷ் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. நேற்றுச் சேர்ந்தவனெல்லாம் மேலே போக, இவர் அதே நாற்காலியில் கிடந்து காய்ந்தார். அந்த வயிற்றெரிச்சலையெல்லாம் மகள் தலையில் கொட்டினார். மனுஷருக்குத் தெரிந்த பாடமுறை ஒன்றே ஒன்று, கோயிலில் நடக்கும் ஞானோபதேசம். ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு வார்த்தை பிசகக் கூடாது.

“அபேட்?”

“தணிதல்.”

“அப்ஸ்காண்ட்?”

“தலைமறைவாதல்.”

“அப்ஸ்டீமியஸ்?”

“உணவிலும் குடியிலும் அளவோடு இருத்தல்.”

கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது சாராய வாடை குப்பென்று அவள் முகத்தில் அடிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டுதான் பதில் சொல்வாள்.

ஏ, பி என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து தொடங்குகிற வார்த்தைகள் முடிந்தன. அடுத்து ஏ, சி வர வேண்டும். வரவே இல்லை. வந்தவர்கள் வாயைப் பிளக்க இதுவே போதும் என்று விட்டுவிட்டார். கிறிஸ்துமஸுக்கு வந்தவர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், யாராக இருந்தாலும் “மேரி, இங்க வாம்மா” என்று கூப்பிட்டு பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். அவர்கள் மென்றுகொண்டே கேட்பார்கள், “பலே” என்று துப்பல் தெறிக்கச் சொல்வார்கள். ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பதால் ஒருவரும் குறை சொல்லவில்லை. குரங்காட்டியின் குரங்குக்குக்கூட மாலையானால் ஓய்வு உண்டு. இவளுக்கு அதுவும் இல்லை.

இத்தனைக்கும் பத்தாவதில் அவள் இங்கிலீஷில்தான் பெயில். ‘இஸ்’ எங்கே, ‘வாஸ்’ எங்கே என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரி வழி கேட்டபோது கையால்தான் திசையைக் காட்டினாள். பிறகு உழவர்கரையில் ஒரு தையல் கடையில் காஜா போடப் போனாள். கல்யாணம் என்று ஒன்று ஆகிவிட்டால் இந்தக் கூத்து ஓயும் என்ற ஒரே நினைப்பில்தான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

எண்பத்து நாலில் அந்தோணி பெண் பார்க்க வந்தான். டவுனில் டுடோரியல் நடத்துகிறவன். பேனா மூடியால் காதைக் குடைந்து, வந்ததை நாற்காலிக்கு அடியில் தடவினான். அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துதாஸ் வழக்கம்போல் அகராதியை மடியில் விரித்தார். மகள் வழக்கம்போல் ஒப்பித்தாள்.

அந்தோணிக்குக் கண் பளபளத்தது. “இதான் சார் எனக்கு வேணும். கல்யாணம் ஆனதும் இவங்க டெய்லி டுடோரியல்ல வந்து நின்னு இத மாதிரி சொன்னாலே போதும். பசங்க கும்பல் கும்பலா வந்து சேருவானுங்க.”

ஸ்டெல்லாமேரி அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷம் எதிலிருந்து ஓட நினைத்தாளோ, அதுவே சட்டை மாட்டிக்கொண்டு வடை தின்றுகொண்டிருந்தது.

“நான் ஒண்ணு கேக்கறேன்,” என்றான் அந்தோணி. “அப்ஹார்?”

“அருவருத்து வெறுத்தல்.”

“ஒரு வாக்கியத்துல வச்சி சொல்லுங்க பாப்போம்.”

கிறிஸ்துதாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞானோபதேசத்தில் வாக்கியம் கிடையாதே. மகளையே பார்த்தார். அவள் பிறந்ததிலிருந்து இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னதில்லை. இப்போது அந்தோணியின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“ஐ அப்ஹார் யூ.”

அந்தோணி தொடையைத் தட்டினான். “கரெக்ட்! கிராமர்ல ஒரு தப்பு இல்ல!”

“பொண்ணு தங்கம்,” என்றாள் அவன் அம்மா.

கிறிஸ்துதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் விரலை நாக்கில் இழுத்து அடுத்த வார்த்தையைத் தேடினார்.

முகத்துக்கு நேராகச் சொல்லியும் மூன்று பேரில் ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஸ்டெல்லாமேரி அப்பா மடியிலிருந்து அகராதியை எடுத்து மூடினாள்.

“உங்களப் பாத்தா எனக்குக் கொமட்டுதுன்னு சொன்னேன்,” என்றாள் அந்தோணியிடம். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். “உங்களப் பாத்தாலும்தாம்பா.”

அந்தோணி கடித்த வடையைத் தட்டிலேயே வைத்தான். அவள் அகராதியை அந்தத் தட்டின் பக்கத்தில் போட்டுவிட்டு, தோட்டத்துக் குழாயடிக்குப் போய், அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.