மாமா கோச் ஆன திருவிழா

எங்கள் வீட்டு முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. அதில் என் தாய்மாமா தரையைத் தொடாமல் படுத்திருந்தார். கோல் கம்பத்துக்கு முன்னால், இடுப்பளவு உயரத்தில், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு காற்றில் படுத்திருந்தார். பந்து விரல் நுனியில் ஒட்டியிருந்தது. படம் எடுத்த பிறகு அவர் கீழே விழுந்தாரா இல்லையா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். விழவில்லை என்றுதான் முடிவு செய்திருந்தேன்.

மாமா பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் கால்பந்துக் குழுவில் கோலி. கோல்கீப்பரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சிறுவயதில் மாந்தோப்பில், மரத்தின் மேலிருந்து பறித்துப் போடுகிற காய்களை அடிபடாமல் கையில் பிடிப்பது அவருக்கு வேலை. அப்புறம் மிஷன் பள்ளியில் பந்து பிடித்தார். அங்கே பார்த்த யாரோ பெங்களூருக்குக் கூட்டிப்போக, பந்து பிடிப்பதற்கே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். தருமபுரி ஜில்லாவில் இப்படி ஒரு உத்தியோகம் வேறு யாருக்கும் இல்லை என்பது என் எண்ணம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை நான்.

எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழா டிசம்பரில் வரும். முதல் நாள் மாலை சப்பரம் சுற்றி வரும். மறுநாள், சப்பரம் தூக்கிய வாரைகளைக் கழற்றி, ராகி அறுத்த காட்டில் நட்டால் அவைதான் கோல் கம்பங்கள். மேலே குறுக்குக் கம்புக்குப் பதில் ஒரு கயிறு. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஆட வருவார்கள். தோற்ற ஊர் ஜெயித்த ஊருக்கு ஒரு கிடா கொடுக்க வேண்டும். எனக்கு நினைவு தெரிந்து கிடா எப்போதும் எங்கள் ஊரிலிருந்துதான் போயிற்று. மாமா திருவிழாவுக்கு வருவார், சப்பரத்தின் முன் வாரைக்கு வலது தோளைக் கொடுப்பார், லீவு இல்லையென்று விடியற்காலை பஸ்ஸுக்கே போய்விடுவார்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அவர் கொடியேற்றத்துக்கே வந்துவிட்டார். பத்து நாள் லீவாம். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. ஊரே கூடிவிட்டது.

“இந்த வருஷம் கிடா நம்ம ஊருக்குத்தான்! மாப்ளே கோல்ல நின்னா ஈ கூட உள்ள போவாது!”

“நான் ஆடலீங்க,” என்றார் மாமா. “நான் இப்ப கோச்சு. கோச்சு ஆடக் கூடாது.”

கோச் என்றால் என்னவென்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் ஆடுகிறவனை விடப் பெரியவர் என்பது பார்த்தவுடன் புரிந்துவிட்டது. காரணம், மறுநாள் காலை அம்மா மாமாவுக்குச் சட்டை போட்டுவிட்டாள். வலது கையை முதலில் நுழைத்து, பிறகு முதுகைச் சுற்றி இடது கையை நுழைத்து, ஒவ்வொரு பொத்தானாக அவளே போட்டாள். தாமாகச் சட்டை போட்டுக்கொள்ளத் தேவையில்லாத ஒரு பதவி என்று நான் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாப்பிடும்போதுதான் மாமா அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். களியை இடது கையால் பிட்டுக்கொண்டே சொன்னார்.

“இன்னும் நான் கோச்சு இல்லக்கா. டீமுக்குக் கோச்சு வேலை காலியாவுது. யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கியான்னு ஆபீசரு கேட்டாரு. இல்லைங்கன்னேன். எங்கியாவது ஒரு டீமை ஜெயிக்க வச்சுட்டு, அத்தாட்சியோட வா, பாக்கலாம்னாரு. இங்க ஜெயிச்சா நம்ம கோயில் சாமியார் ஒரு லெட்டர் எழுதிக் குடுப்பாரு.”

“தோத்தா?”

“கேட்டுல நிக்கணும். வாட்ச்மேன்.”

அம்மா அவர் தட்டில் இன்னொரு உருண்டை களி வைத்தாள்.

கோச் ஆகப்போகிறவர் முதலில் செய்த காரியம் ஊருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் அவர் மைதானத்துப் பக்கமே போகாமல் ஊரைச் சுற்றினார். யார் எதைப் பிடிக்கிறார்கள், எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தார். மூன்றாம் நாள், பந்தைத் தொட்டே அறியாத சின்னப்பனைக் கூட்டிவந்து கோலில் நிறுத்தினார்.

சின்னப்பன் நல்லம்பள்ளிப் பக்கம் செங்கல் சூளையில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அவர் பெண்சாதி கீழே நின்று ஜோடி ஜோடியாகச் செங்கல்லை வீசுவாள். லாரி மேல் நிற்கிற அவர் இரண்டு கல்லையும் சேர்த்துப் பிடித்து, திரும்பி, பின்னால் அடுக்கிவிட்டு, அடுத்த ஜோடி வருவதற்குள் முன்னால் திரும்பிவிடுவார். பொழுதெல்லாம் இதே வேலை.

“மாப்ளே, திருவிழாக் குடிய இப்பவே குடிச்சிட்டீங்களா?” என்றார் ஒருவர். “அவன் கல்லு புடிக்கிறவன்யா!”

“அதாங்க வேணும்,” என்றார் மாமா. “பந்தை எதுத்துப் புடிச்சா கையிலேருந்து தெறிக்கும். இவரு கையைப் பின்னால இழுத்து வாங்கிப் புடிக்கிறாரு. கல்லை எதுத்துப் புடிச்சா விரலு போயிரும்ல? இந்தப் பழக்கத்தை நான் சொல்லிக் குடுத்தா ரெண்டு வருஷம் ஆவும். இவருக்கு இருக்குது.”

அவர் சொன்னது உண்மை. எந்தப் பந்தை உதைத்தாலும் சின்னப்பன் கையில் போய் உட்கார்ந்தது. மாமா ஒருமுறைகூடத் தாமே பந்தைப் பிடித்துக் காட்டவில்லை. ஓரத்தில் நின்று வாயாலும் விசிலாலும் இடது கையாலுமே எல்லாவற்றையும் நடத்தினார். பந்து அவரிடம் வந்தால் காலால் நிறுத்தித் திருப்பி அனுப்பினார். கோச்சின் கௌரவம் அது என்று நான் நினைத்தேன்.

ஒரே ஒரு தொல்லை. சின்னப்பன் பந்தைப் பிடித்தார், திரும்பினார், பின்னால் பத்திரமாக வைத்தார். அதாவது, கோலுக்குள். பத்துப் பந்து பிடித்தால் பத்தையும் கோலுக்குள் அடுக்கினார்.

“ஐயோ, என்னண்ணா இது!” என்று பையன்கள் தலையில் அடித்துக்கொள்ள, அவர், “கை தானாப் போவுதுப்பா,” என்று தம் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா சிரிக்கவில்லை. கோல் கோட்டுக்கு இரண்டு எட்டு முன்னால் சுண்ணாம்பால் இன்னொரு கோடு போட்டு, அதில் அவரை நிற்கவைத்தார். பிடித்ததும் “முன்னால!” என்று கத்தினார். நாலு நாளில் பத்துக்கு எட்டுப் பந்து முன்னால் போயிற்று. அதுவும் எப்படி! பொழுதெல்லாம் செங்கல் பிடித்து உரமேறிய கை. பந்து நடு மைதானத்தைத் தாண்டித்தான் விழுந்தது.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் எங்கள் பள்ளியில்தான் படித்தார்கள். “உங்க மாமனுக்கு பயம்டா. அதான் கோல்ல நிக்கல. கல்லு தூக்கறவன நிக்க வச்சிருக்காராமே!” என்று ஒருவன் எல்லோர் முன்னாலும் கேட்டான். ஐந்து வருஷம் பேசாததையெல்லாம் சேர்த்து நான் பேசிவிட்டேன்.

“எங்க சின்னப்பன் ஒரு பந்தையும் விட மாட்டாரு! புடிச்சிக் கீழ போடக்கூட மாட்டாரு! செங்கல்லு மாதிரி திரும்பிப் பின்னால அழகா வைப்பாரு, தெரியுமா?”

அவ்வளவு ஒழுங்கான மனிதர் என்று சொல்லவந்தேன். அவன் திரும்பி ஓடியதைப் பார்த்து, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திருவிழா வந்தது. சப்பரம் புறப்பட்டபோது முன் வாரைக்கு வேறு ஒருவர் தோள் கொடுத்தார். மாமா மெழுகுவர்த்தியை இடது கையில் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். கோச் சப்பரம் தூக்கமாட்டார் என்று பக்கத்தில் நின்றவனுக்கு விளக்கினேன். பேச ஆரம்பித்துவிட்டேன் அல்லவா, நிறுத்த முடியவில்லை.

மறுநாள் ஆட்டம். சாமியார்தான் ரெஃபரி. அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுவார். இரண்டு ஊர் சனமும் காட்டைச் சுற்றி நின்றது. அவ்வளவு கூட்டத்தைக் கண்டதும் சின்னப்பன் முகம் வெளுத்துவிட்டது.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அவர்கள் ஓங்கி உதைக்கவில்லை. கோலுக்கு அருகில் வந்ததும், பந்தை மெதுவாக, கோயிலில் காணிக்கை கொடுப்பதைப் போல, சின்னப்பன் கைக்கே தூக்கிக் கொடுத்தார்கள். முதல் இரண்டு தடவை மாமா “முன்னால!” என்று கத்தியதில் அவர் முன்னால் வீசினார். மூன்றாம் தடவை கூட்டத்தின் கூச்சலில் மாமாவின் குரல் கேட்கவில்லை. சின்னப்பன் பந்தைப் பிடித்தார். திரும்பினார். இரண்டு எட்டு நடந்து, கயிற்றுக்குக் கீழே, கோட்டுக்குள், ஒரு குழந்தையைக் கிடத்துவதைப் போல வைத்தார்.

சாமியார் விசிலடித்தார். அந்தப் பக்கத்துக் கூட்டம் சிரித்த சிரிப்பு ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். “இன்னும் ரெண்டு லோடு இருக்குதுங்கோ!” என்று எவனோ கத்தினான்.

பாதி ஆட்டத்தில் மாமா எல்லோரையும் வேப்பமரத்தடியில் கூட்டினார். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாயிருந்தது.

“இது அவங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னது?”

வாட்ச்மேன் என்று மாமா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ஆட்டக்காரர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

“நான்தான் மாமா.”

“எத்தனை பேருக்குச் சொன்ன?”

“ஒருத்தனுக்குத்தான். ஆனா எல்லாரும் இருந்தாங்க.”

ஒருவர் என் காதைப் பிடிக்கக் கை நீட்டினார். மாமா தடுத்தார். அப்புறம் அவர் மீசை மெல்ல அசைந்தது.

“அப்ப இன்னும் அரை ஆட்டத்துக்கும் அவங்க ஓங்கி உதைக்க மாட்டாங்க,” என்றார். “கையிலதான் குடுப்பாங்க. இதைவிட என்ன வேணும்? சின்னப்பண்ணா, உங்க வூட்டுக்காரங்க எங்க?”

சின்னப்பன் பெண்சாதி இடுப்பில் பிள்ளையோடு கூட்டத்தில் நின்றாள். மாமா அவளைக் கூப்பிட்டு, கோலுக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே நிறுத்தினார்.

“கல்லு குடுக்கறது எப்பவும் நீங்கதானே? உங்களுக்கு முதுகைக் காட்டித்தான் அவரு கல்லை வைப்பாரு. இன்னைக்கு நீங்க இங்கியே நில்லுங்க. அவரு திரும்பினா உங்க மூஞ்சி தெரியணும். அவ்ளோதான்.”

எதிர் ஊர்க்காரர்கள் சாமியாரிடம் முறையிட்டார்கள். “கோட்டுக்கு வெளிய நிக்கறதுக்கு ரூல் இல்லை,” என்று சாமியார் விசிலை ஊதிவிட்டார்.

மறுபடியும் பந்து மெதுவாக வந்தது. சின்னப்பன் பிடித்தார். திரும்பினார். எதிரே பெண்சாதி.

“யோவ்! குடுக்கறவ நான் இங்க நிக்கறேன், எனக்கே குடுக்க வர்றியா? அந்தாண்ட போடுய்யா!”

சுட்டுக்கொண்டவரைப் போல அவர் மறுபக்கம் திரும்பி வீசினார். பந்து நடுக் கோட்டைத் தாண்டி விழுந்தது. எதிர் ஊர் ஆட்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க எங்கள் கோலுக்கு அருகிலேயே நின்றார்கள். அங்கே அவர்களுடைய கோலி தனியாக இருந்தார். எங்கள் பையன் ஓடிப்போய் அடித்தான். கோல்.

அதன்பிறகும் அவர்களுக்குப் புத்தி வரவில்லை. அடுத்த தடவையாவது உள்ளே வைத்துவிடுவார் என்ற நம்பிக்கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து ஒரு வசவு வந்தது. ஒவ்வொரு வசவுக்கும் பந்து பறந்தது. கடைசியில் அப்படிப் பறந்த ஒரு பந்துதான் இரண்டாவது கோல் ஆயிற்று. அவர்கள் விழித்துக்கொண்டு ஓங்கி உதைக்க ஆரம்பித்தபோது நேரமில்லை. அந்த இரண்டு மூன்று பந்துகளும் சின்னப்பன் கையில் அமைதியாக உட்கார்ந்தன.

கிடா எங்கள் ஊருக்கு வந்தது. மாமாவைத் தோளில் தூக்கப் பையன்கள் பாய்ந்தார்கள். ஒருவன் வலது கையைப் பிடித்து இழுத்ததும் மாமா “விடுறா!” என்று கத்திவிட்டார். கண்களில் நீர் நின்றது. ஜெயித்த சந்தோஷத்தில் பெரியவர்களும் அழுவார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

சாமியார் எழுதிக் கொடுத்த லெட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாமா பெங்களூர் பஸ் ஏறினார். பஸ் கிளம்பும்போது, “அடுத்த தடவ யாருக்கு என்ன சொல்லணும்னு என்கிட்ட கேட்டுச் சொல்லுடா,” என்றார். ஜெயித்ததில் பாதி என்னால்தான் என்பதை அவரே ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். தை மாதத்தில் வேலை கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. பிறகு பல வருஷங்கள் அவர் அந்தக் குழுவுக்குக் கோச்சாக இருந்தார். அவர் தயார் செய்த மூன்று கோலிகள் பெரிய பெரிய குழுக்களுக்குப் போனார்கள். அவர்களில் எவனுக்கும் அவர் தாவிக் காட்டியதில்லை.

அந்தத் திருவிழாவுக்கு முந்தைய மழைக்காலத்தில், பெங்களூரில் ஓர் ஆட்டத்தில், அவருடைய வலது தோள் மூட்டு கழன்றுபோனதையும், இனி அந்தக் கை தலைக்கு மேல் போகாது என்று டாக்டர் சொன்னதையும் நான் மீசை முளைத்த பிறகுதான் கேள்விப்பட்டேன். ஊரில் அது அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அந்தத் திருவிழா முடிந்து மாமா பஸ் ஏறிய மறு ஞாயிறு, பூசைக்குப் புறப்படும் நேரம். அம்மா என் சட்டையை எடுத்து என் மேல் போட்டாள். நான் வலது கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு, மாமாவைப் போலவே தலையை நிமிர்த்தி நின்றேன்.

“கையத் தூக்குடா, மணி அடிச்சிட்டாங்க.”

“தூக்க மாட்டேன். நானும் கோச்சு.”

அடிக்கத்தான் அம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அவள் எனக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வலது கையை முதலில் நுழைத்து, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து இடது கையை நுழைத்து, ஒவ்வொரு பொத்தானாக, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுவிட்டாள். ஒரு பொத்தானைத் தவறான துளையில் போட்டு மறுபடி கழற்றினாள். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

ஒரே வீட்டில் இரண்டு கோச் என்றால் எந்தத் தாய்க்குத்தான் பொத்தான் மாறிப்போகாது என்று நான் நினைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.